வேளைக்காரருக்கு என்ன நிறம்?

சித்திரைப் புத்தாண்டுக்காக ஊருக்குப் போயிருந்தபோது, மத்தியான உறக்கத்திலிருந்து என்னை எழுப்பியது ஓர் ஆண்குரல். பக்கத்து அறையிலிருந்து வந்தது. தமிழ்தான், ஆனால் தம்பிலுவில் தமிழும் அன்று, கொழும்புத் தமிழும் அன்று. ஓரிரு சொல்லிலே எவருடைய ஆணையையோ ஏற்றுக்கொள்ளும் தோரணை. அதனைத் தொடர்ந்து மரம் வெட்டும் ஓசையும் ஆடு கத்தும் ஓசையும் கேட்டன. பழைய வானொலி நாடகம் எதனையோ யாரோ இணையத்திலே தேடிப் பிடித்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். என் தங்கையின் மகன் கணினியின் முன்னே அமர்ந்து நாடாண்டுகொண்டிருந்தான்.

"இது ஆர்ர குரல்?" என்று கேட்டேன்.

"திராவிடர், மாமா. இவங்க தமிழ்தான் கதைப்பாங்க."

எங்கள் பகுதியிலே தாய்மாமனுக்கு மருமகன் மீது அதிகாரம் அதிகம் என்பது வாசகர் பலருக்கும் தெரிந்திருக்கும். தாய்வழிக் குடிமுறை இன்னமும் கோயிற் கருமங்களிலே உயிரோடிருக்கும் கரையோரம் இது. ஆயினும் அன்று பிற்பகல் முதல் அடுத்த ஐந்து நாட்கள் அதிகாரம் மருமகனிடமே இருந்தது. நான் மாணாக்கனானேன். வரலாற்றைப் பாடமாகப் பயின்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையிலே எழுதிவரும் ஒருவன், பதினாறு வயதுப் பையனிடம் சோழர் போரைப் படித்த கதையே இது. என்னைப்போல முற்றிலும் புதியவர் எவரேனும் இந்த ஆட்டத்தைத் தொட்டுப் பார்க்க விரும்பினால் அவர்க்குப் பயன்படக்கூடிய சில குறிப்புகளும் இடையிடையே வரும்.

ஆட்டத்தின் பெயர் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்த என்செம்பிள் ஸ்ரூடியோஸ் உருவாக்கி, மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 1999 இல் வெளியிட்டது. உருவாக்கிய நிறுவனம் 2009 இல் மூடப்பட்டுவிட்டது. ஆட்டமோ சாகவில்லை; 2019 இல் புதுப்பிக்கப்பட்ட பதிப்பாக மறுபிறவி எடுத்தது. இவ்வகை ஆட்டங்களை நிகழ்நேர வியூக விளையாட்டுக்கள் என்பர். 1992 இல் வெஸ்ற்வூட் ஸ்ரூடியோஸ் வெளியிட்ட டியூன் 2 என்ற ஆட்டமே இவ்வகைக்கு இன்றுள்ள வடிவத்தைக் கொடுத்தது என்பது பொதுவான கருத்து. பின்னர் வோர்கிராஃப்ற், கொமாண்ட் அண்ட் கொங்கர், ஸ்ரார்கிராஃப்ற் என்று வரிசையாக வந்தன. தென்கொரியாவிலே ஸ்ரார்கிராஃப்ற் போட்டிகளுக்கென்றே தொலைக்காட்சி அலைவரிசைகள் நடந்தன.

"நிகழ்நேரம்" என்ற சொல்லிலேதான் சூட்சுமம் முழுவதும் இருக்கின்றது. சதுரங்கத்திலே நீங்கள் காய் நகர்த்தும்வரை எதிரி காத்திருப்பான். ஆடுபுலி ஆட்டத்திலே மூன்று புலியும் பதினைந்து ஆடும் முறைவைத்தே அசையும். நீங்கள் வெற்றிலை போட்டுவிட்டு வந்து யோசிக்கலாம். இங்கே அது நடவாது. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரியின் ஆட்கள் மரம் வெட்டிக்கொண்டிருக்கின்றார்கள். நீங்கள் கண்ணாடியைத் துடைக்கும்போது அவனுடைய குதிரை உங்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகின்றது. முதல்நாள் நான் மூன்று ஆட்டங்களில் தோற்றது இதனாலேதான். பேராதனையிலே படித்தபோது ஒரு போரைப் பற்றி எழுத எங்களுக்கு மூன்று மணித்தியாலம் கொடுப்பார்கள்.

புதியவர் முதலிலே அறியவேண்டியது, இது போர் விளையாட்டு என்ற பெயரிலே நடக்கும் கமவிளையாட்டு என்பதனை. வழக்கமான ஆட்டம் தொடங்கும்போது உங்களிடம் ஓர் ஊர் மையக் கட்டடமும், குடிமக்கள் மூவரும், வேவு பார்க்கும் குதிரைவீரன் ஒருவனும் இருப்பர். கையிருப்பு: உணவு 200, மரம் 200, பொன் 100, கல் 200. அவ்வளவே. வாள்வீரன் ஒருவனும் இல்லை. ஒரு குடிமகனைப் புதிதாகப் பெறுவதற்கு 50 உணவும் 25 விநாடியும் வேண்டும். எனவே கையிலுள்ள உணவுக்கு நால்வரைப் பெறலாம். அதன்பின் உணவைத் தேடிக்கொண்டாலன்றி ஐந்தாமவன் வரமாட்டான்.

"மாமா, ஊர் மையம் சும்மா இருக்கக்கூடா. ஆள் வந்துகொண்டே இருக்கோணும். அதுதான் முதல் விதி" என்றான் மருமகன்.

இந்த விதியை நான் மனத்திலே பதித்துக்கொண்டது எங்கள் ஊர்ப் போடியார்களை நினைத்துத்தான். மட்டக்களப்புத் தமிழகத்திலே பெருநில உடைமையாளரைப் போடியார் என்போம். அவருடைய வயலைச் செய்பவர் முல்லைக்காரர். நல்ல போடியார் ஒருவர் வயலிலே இறங்கமாட்டார். ஆயினும் எந்த வரவையிலே எவன் நிற்கின்றான், எவன் நிழலிலே குந்திக்கொண்டிருக்கின்றான் என்பது அவர்க்குத் தெரியும். இந்த ஆட்டமும் அதையே கேட்கின்றது. சும்மா நிற்கும் குடிமக்களின் தொகையைத் திரையின் ஓரத்திலே ஓர் எண் காட்டிக்கொண்டிருக்கும். அந்த எண் பூச்சியமாக இருக்கவேண்டும்.

முதலிலே ஊரைச் சுற்றி நிற்கும் ஆடுகளைக் குதிரைவீரனை விட்டுத் தேடிப்பிடியுங்கள். ஆடொன்றிலே 100 உணவு கிடைக்கும். பிடித்த ஆடுகளை ஊர் மையத்தின் வாசலுக்கே கொண்டுவந்து, ஒவ்வொன்றாக வெட்டுங்கள். எல்லாவற்றையும் ஒருசேர வெட்டினால் இறைச்சி கெட்டுக் குறைந்துபோகும். நான் செய்தேன். 25 மரத்துக்கு ஒரு வீடு, வீடொன்றுக்கு ஐந்துபேர். வீடு கட்ட மறந்தால் புதியவர் பிறக்கமாட்டார். இதனையும் நான் செய்தேன். பின்னர் நாலைந்து பேரை மரத்துக்கு விடுங்கள், சிலரைப் பழப்பற்றைக்கு விடுங்கள். காட்டுப்பன்றியைத் தனியாளாகப் போய் எதிர்க்காதீர்கள். அம்பு எய்துவிட்டு ஊர் மையத்தை நோக்கி ஓடிவந்து, அங்கே நிற்கும் மற்றவர்களோடு சேர்ந்து கொல்லவேண்டும். எங்கள் வேட்டைக்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 500 உணவு சேர்ந்து, வேண்டிய கட்டடங்கள் இரண்டும் எழுந்துவிட்டால் அடுத்த யுகத்துக்கு ஏறலாம். இருபத்தொரு, இருபத்திரண்டு குடிமக்கள் ஆனதும் ஏறுவது தொடக்கக்காரருக்கு நல்ல கணக்கு.

படையைப் பொறுத்தவரை விதி எளிது. ஈட்டிக்காரன் குதிரையைக் கொல்வான்; வில்லாளி ஈட்டிக்காரனைக் கொல்வான்; குதிரைவீரன் வில்லாளியைக் கொல்வான். எதிரி எதனைச் சேர்க்கின்றான் என்று வேவு பார்த்து, அதற்கு மாறானதைச் சேர்ப்பதே வியூகம். மீதியெல்லாம் விரல்வேகம். ஐம்பது தாண்டியவர்கள் அதிலே ஆசைவைக்கவேண்டாம்.

இனி, திராவிடர்.

இந்த ஆட்டத்திலே இந்தியர் என்ற ஒரே இனம் 2013 இலேயே சேர்க்கப்பட்டிருந்தது. 2022 ஏப்ரலில் வெளிவந்த "டைனஸ்ரீஸ் ஒஃப் இந்தியா" என்ற விரிவாக்கம் அதனைப் பிரித்தது. பழைய இந்தியர் இந்துஸ்தானியர் ஆனார்கள். வங்காளர், கூர்ஜரர், திராவிடர் என மூவர் புதிதாக வந்தார்கள். திராவிடருக்கென ஒரு கதைத்தொடரும் உண்டு. அதன் நாயகன் முதலாம் இராசேந்திர சோழன்.

வெளிவந்தபோது திராவிடருக்கு வகுத்திருந்த குணங்களைப் பார்த்து நான் வியந்தேன். ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் இலவசம். மீன்பிடிப்போர் மற்றவரைவிடக் கூடுதலாகச் சுமப்பர். துறைமுகம் கட்டினால் அங்கும் ஐந்துபேர் குடியிருக்கலாம். அதாவது இவர்களைக் கடற்கரை மக்களாகக் கண்டிருக்கின்றார்கள். கடலும் களப்பும் வயலுமாக வாழும் எங்கள் ஊரானுக்கு இதிலே மறுப்பில்லை. அவர்களுடைய தனிப்பட்ட போர்க்கப்பலுக்குப் பெயர் திரிசடை. அசோகவனத்திலே சீதைக்கு ஆறுதல் சொன்னவளின் பெயரைப் போர்க்கப்பலிலே கண்டதும் சிரிப்பு வந்தது. இலங்கைப் பெண்ணொருத்தி சோழர் பக்கம் போய்விட்டாள்!

வாள்வீரர் ஏந்துவது உறுமி என்ற சுருள்வாள். அது கேரளத்துக் களரிக்கு உரியது. "வூற்ஸ் ஸ்ரீல்" என்றொரு தொழில்நுட்பமும் உண்டு. அதனைப் பெற்றுவிட்டால் உங்கள் காலாளின் வாள் எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாது. வூற்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லே எங்கள் உருக்கு, கன்னடத்து உக்கு என்பவற்றின் திரிபு என்பது பெரும்பாலானோர் கொள்ளும் கருத்து. இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் போகமுடியவில்லை. எங்கள் தீவின் சமனலவாவிப் பகுதியிலே, மலைச்சரிவில் அடிக்கும் தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாகக்கொண்டு இரும்பு உருக்கிய உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் கண்டுபிடித்து, 1996 இல் நேச்சர் இதழிலே வெளியிட்டார். சோழர் இங்கே வருவதற்கு முன்னரே இயங்கியவை அவை. ஆட்டத்திலோ உருக்கு ஒரு நிறத்தாருக்கு மட்டுமே சொந்தம்.

திராவிடருக்குக் கனத்த குதிரைப்படை இல்லை. இதுதான் அவர்களுடைய பெருங்குறை. எதிரி வேகமாகக் குதிரையிலே வந்தால் திண்டாட்டம். வரலாற்றோடு இது ஓரளவுக்குப் பொருந்துகின்றது. தமிழ்நாட்டு மன்னர் குதிரையைக் கடல்வழியாகவே வாங்கினர். அரபு வணிகரும் மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகளும் அந்த வணிகத்தால் வாழ்ந்தனர். குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் அந்தப் பணத்திலே கோயில் கட்டிய கதை நாம் அறிந்தது. எனவே யானை, ஈட்டி, கப்பல் என்று நிற்கவேண்டும். தொடக்கக்காரர் திராவிடரை எடுத்தால் கடலுள்ள வரைபடத்தைத் தெரிவுசெய்வதே நல்லது.

இரண்டாம் நாள் இரவு, ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருமகன் கேட்டான். "மாமா, நாமளும் திராவிடர்தானே? அப்ப இராசேந்திரன் இஞ்ச வந்து அடிச்சது ஆருக்கு?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரியிலே விடைசொல்ல என்னால் முடியவில்லை. பாடப்புத்தக விடை இருக்கின்றது. முதலாம் இராசராசன் காலத்திலே, 993 அளவில் சோழப்படை வந்தது. அநுராதபுரம் வீழ்ந்தது. பொலன்னறுவை சனநாதமங்கலம் என்ற பெயரோடு சோழரின் தலைநகரானது. 1017 இல் இராசேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தனை மணிமுடியோடு பிடித்துக் கொண்டுபோனது. பன்னிரண்டு ஆண்டு சிறையிருந்து சோழநாட்டிலேயே அவன் இறந்தான். 1070 இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றினான். சிங்களவர் இதனை ஒரு விதமாகவும் தமிழர் இன்னொரு விதமாகவும் படித்து வளர்ந்திருக்கின்றோம். இரண்டு புத்தகங்களிலும் நிறம் இரண்டுதான்.

ஆட்டத்திலும் அப்படியே. ஒவ்வோர் அணிக்கும் ஒரு நிறம். நீலச் சட்டைக்காரன் நீலத்துக்கே உழைப்பான், நீலத்துக்கே சாவான். கூட்டணி அமைக்கலாம், ஆனாலும் நிறம் மாறாது. ஒரேயொரு விலக்கு உண்டு. துறவி என்றொரு பாத்திரம் இருக்கின்றது. அவருக்கு ஆயுதம் இல்லை. எதிரியின் வீரனைக் குறிவைத்துச் சிறிதுநேரம் ஓதுவார். ஓதி முடிந்ததும் சிவப்பாயிருந்தவன் நீலமாகிவிடுவான். அந்தக் கணமே திரும்பித் தன் பழைய தோழரைக் குத்துவான். பையன்களுக்கு இது பெரிய வேடிக்கை. எனக்கோ அப்போதுதான் வேளைக்காரர் நினைவு வந்தது.

வேளைக்காரர் சோழப்படையிலே பெயர்பெற்ற பிரிவினர். தலைவனுக்காக உயிர்கொடுப்பதாகச் சூளுரைத்தவர்கள். சோழர் போனபின்னும் அவர்கள் பொலன்னறுவையிலே இருந்தார்கள். சோழரை விரட்டிய அதே விசயபாகுவிடம் சம்பளம் வாங்கினார்கள். 1085 அளவில் விசயபாகு சோழர்மீது படையெடுக்க முற்பட்டபோது இவர்கள் மறுத்துக் கலகம் செய்தார்கள். அரண்மனையை எரித்தார்கள் என்றும் அரசனின் தங்கையைச் சிறைப்பிடித்தார்கள் என்றும் சூளவம்சம் சொல்கின்றது. அரசன் ஓடித் தப்பி, பின்னர் திரும்பிவந்து தலைவர்களைக் கொடுமையாகத் தண்டித்தான். இவ்வளவோடு நின்றிருந்தால், "பார்த்தீர்களா, நிறம் மாறவில்லை" என்று சொல்லிவிடலாம்.

அதன்பின் நடந்ததுதான் விந்தை. விசயபாகு இறந்த பின்னர், வாரிசுரிமைப் பூசல் நிலவிய காலத்திலே, முகலன் என்ற பௌத்த மகாதேரர் இதே வேளைக்காரரை அழைத்து, புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டிருந்த கோயிலைப் பாதுகாக்குமாறு கேட்டார். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கல்லிலே தமிழில் பொறித்தும் வைத்தார்கள். அக்கோயிலுக்கு மூன்றுகைத் திருவேளைக்காரன் தலதாயப் பெரும்பள்ளி என்று தங்கள் பெயரையே சூட்டினார்கள். தங்கள் குலம் உள்ளளவும் அதனைக் காப்போம் என்பது அக்கல்வெட்டின் சாரம். சூளுரைத்தவர்களுள் வலங்கையினர் உண்டு, இடங்கையினர் உண்டு, வடுகர் உண்டு, மலையாளர் உண்டு. திராவிடர் என்று ஆட்டக்காரர் ஒரே பெட்டியிலே போட்டது முற்றிலும் பொய்யில்லைப் போலும்! ஆனால் அந்தப் பெட்டி காத்துநின்றது தலதா மாளிகையை.

"அப்ப அந்தத் தேரர் ஓதினது வேலை செஞ்சிருக்கு" என்றான் மருமகன்.

செய்திருக்கின்றது. ஆயினும் ஆட்டத்திலே நடப்பதுபோல் அவர்கள் பழைய நிறத்தை முற்றாக இழக்கவில்லை. தமிழிலேயே எழுதினார்கள். முன்னர் சோழரோடு போரிட மறுத்தவர்களும் பின்னர் பல்லைக் காத்தவர்களும் ஒரே கூட்டத்தார்தான். அவர்களுக்கு நீலம் பூசுவதா, சிவப்புப் பூசுவதா? பூசுவதற்கு நிரலாளர் ஒரு நிறத்தை வைத்திருக்கவில்லை. அவரைக் குறைசொல்லி என்ன? நமது பாடநூலாசிரியர்களிடமும் இருக்கவில்லையே.

எங்கள் ஊரின் பெயராலேயே அறியப்படும் ஒரு கல்வெட்டு உண்டு. சிவஞான சங்கரர் கோயிலுக்கு வழங்கிய கொடையை அது தமிழிலே சொல்கின்றது. கொடுத்த மன்னன் பெயர் விசயபாகு. ஸ்ரீ சங்கபோதி என்ற சிங்கள அரச விருதும், திரிபுவனச் சக்கரவர்த்தி என்று சோழரும் பாண்டியரும் சூடிக்கொண்ட விருதும் அவனுக்கு ஒருங்கே இருக்கின்றன. ஒரே கல், ஒரே பெயர். விருதுகள் இரண்டு பக்கத்தவை. மூன்றாம்நாள் மாலை கண்ணகியம்மன் கோயிற் பக்கமாக நடந்து போனபோது மருமகனுக்கு இதனைச் சொன்னேன். முழுவதும் கேட்டானா என்பது ஐயமே. கைப்பேசியிலே யாரோ ஆட்டத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணகியம்மன் சடங்கையொட்டி எங்கள் பகுதியிலே ஆடப்பட்டுவந்த கொம்பு விளையாட்டை வாசகர் சிலர் அறிந்திருப்பர். ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். ஒன்று கோவலன் பக்கம், மற்றது கண்ணகி பக்கம். வளைந்த இரு கொம்புகளைக் கொளுவி, கயிறு கட்டி, எதிரெதிராக இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகின்றதோ அந்தச் சேரிக்குத் தோல்வி. வசைப்பாட்டும் உண்டு, ஆரவாரமும் உண்டு. ஆனால் நோய் நீங்கவும் மழை பெய்யவும் வேண்டி இரு சேரியும் சேர்ந்து நடத்தும் சடங்கு அது. பகைக்கு ஓர் எல்லையும் ஒரு நாளும் குறித்துவைத்த வியூக விளையாட்டு என்று அதனைச் சொல்லலாம்.

எங்கள் கரையோரத்து வரைபடத்தை ஆட்டத்திலே வரைய முயன்றால் நிரலாளர் பைத்தியமாகிவிடுவார். 1215 இலே கேரளப் படையோடு வந்திறங்கிய மாகன், சிங்கள நூல்களிலே கொடியவன். எங்கள் பகுதி மரபிலே குடிகளுக்கும் கோயிலுரிமைகளுக்கும் ஒழுங்கு வகுத்த மாகோன். 1626 இலே போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி அரசன் செனரத் அவர்களுள் சுமார் 4,000 பேரை இந்தக் கரையிலே குடியேற்றினான். அவர்கள் பேசுவது தமிழ். அவர்களுக்கும் தாய்வழிக் குடி உண்டு, பெண்ணுக்கே வீடு. அக்கரைப்பற்றிலே 1969 தொடக்கம் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனையெல்லாம் விரிவாகப் பதிவுசெய்திருக்கின்றார். தம்பிலுவிலிலிருந்து கல்முனைக்குப் பேருந்திலே போனால் தமிழூர், முஸ்லிம் ஊர் என்று மாறிமாறி வரும். எங்கே ஒன்று முடிகின்றது, எங்கே மற்றது தொடங்குகின்றது என்பது வெளியூரானுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். 1980களின் நடுப்பகுதியிலிருந்து அது மிக நன்றாகவே தெரிய வைக்கப்பட்டது. அந்தப் பேருந்திலே நான் பள்ளிக்கூடம் போன காலத்திலே அப்படி எண்ணிப்பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள். நான் ஓரளவு தேறிவிட்டேன். ஊர் மையம் சும்மா இருக்கவில்லை, வீடுகள் இருந்தன, கடலிலே மீன்பிடிப் படகுகள் நாலு. பத்திரிகைக்காரனின் எச்சரிக்கை உணர்வினால் எல்லையிலே ஒரு காவற்கோபுரமும் கட்டியிருந்தேன். அதற்கு 125 கல் செலவாயிற்று. இரண்டாம் யுகம் கடந்து மூன்றாம் யுகத்துக்கும் ஏறிவிட்டேன். அப்போது எச்சரிக்கைக் கொம்பு ஊதிற்று. எதிரி கோபுரம் இல்லாத பக்கமாகக் குதிரையிலே வந்துவிட்டான்.

"மணிய அடிங்க மாமா! மணிய!" என்றான் மருமகன்.

ஊர் மையத்திலே மணி அடிக்கும் வசதி ஒன்று உண்டு. அதனை அழுத்தினால் குடிமக்கள் எல்லோரும் வெட்டிய மரத்தைப் போட்டுவிட்டு, உழுத வயலை விட்டுவிட்டு, அருகிலுள்ள புகலிடத்துக்குள் ஓடிப் புகுவார்கள். ஆபத்து நீங்கியபின் மறுபடி அழுத்தினால் அவரவர் தத்தம் வேலைக்குத் திரும்புவார்கள். தொடக்கக்காரர் மறவாது கற்கவேண்டிய பொத்தான் இது. நான் அழுத்தினேன். திரை முழுவதும் சனம் ஓடிற்று.

கறிக்கு வெட்டிக்கொண்டிருந்த தங்கை அந்தச் சத்தம் கேட்டு வந்து கதவோரம் நின்றாள். இந்த ஆட்டத்தின் ஓசை அவளுக்கு ஆகாது. அதுவரை அறைக்குள் வந்ததேயில்லை. சனம் ஓடுவதைப் பார்த்தாள். ஊர் மையத்தின் வாசலிலே சிலர் உள்ளே போகமுடியாமல் நின்றார்கள்.

"அவகள் ஏன் வெளியில நிக்காக?"

"பதினைஞ்சு பேருக்குத்தான் உள்ள இடம், அம்மா."

1990 ஜூனிலே போர் மீண்டும் தொடங்கியபோது, அம்பாறைக் கரையோரத்துத் தமிழர் பெருந்தொகையானோர் திருக்கோவில், தம்பிலுவில் பக்கம் வந்து சேர்ந்தனர். பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் நிறைந்தபின் வீடுகளுக்கு வந்தார்கள். அப்போது நான் ஊரிலே இல்லை; அவள் இருந்தாள். வயது பதினேழு.

"பதினைஞ்சு" என்றாள் தங்கை. "இந்த வீட்டுக்க நாப்பத்தொரு பேர் கிடந்தம் அண்ணன். திண்ணையில கிடந்த ஆக்களச் சேக்காம. கிணத்துத் தண்ணி ரெண்டு நாளில கலங்கிப் போச்சு."

இந்த எண்ணை அவள் எனக்கு இதற்குமுன் சொன்னதில்லை. அந்த ஆண்டின் அகதிகளைப் பற்றி நான் எத்தனை கட்டுரைகள் எழுதியிருப்பேன்! மாவட்டக் கணக்குகள், முகாம் கணக்குகள் எல்லாம் அவற்றிலே இருந்தன. எங்கள் வீட்டுக் கணக்கை நான் கேட்டதேயில்லை.

மருமகன் ஆட்டத்தை நிறுத்திவைத்திருந்தான். நிகழ்நேர ஆட்டத்தையும் கணினியோடு தனியாக ஆடும்போது இடையிலே நிறுத்தலாம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தங்கை இன்னும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மணி அடிச்சா எல்லாரும் கிறுகி வந்து அதே வயலுக்குப் போவாகளா, மனே?" என்று கேட்டாள். போவார்கள் என்றான் அவன். உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும், விட்ட இடத்துக்கே. "நல்லாரிக்கி" என்றாள் அவள். கேலியாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. கல்முனைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தின் பெயரைச் சொல்லி, அவர்கள் பிறகு திரும்பிப் போகவேயில்லை, ஆலையடிவேம்பிலே குடியிருந்து பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றாள்.

பிறகு திரையைக் காட்டி, "வெளியில நிக்கிற ஆக்களுக்கு என்னவும் செய்யேலாதா?" என்றாள்.

"இன்னொரு ஊர் மையம் கட்டலாம். மூண்டாம் யுகத்துக்கு வந்தாச்சுதானே" என்றான் மருமகன். "275 மரம், 100 கல்."

மரம் போதிய அளவு இருந்தது. கல் 75 தான் மிஞ்சியிருந்தது.